ரேஸ் டிராக்கில் பிரேக் பெடல் பஞ்சாகிறது, என்ன செய்வது?

கேள்வி: நாலைந்து சுற்றிலேயே பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. காரணம் பிரேக் பேடா (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), பிரேக் ஆயிலா? நேர்பாதை முடிவில் இப்படி ஆனால் முதலில் என்ன செய்யணும்?

பதில் 1: அமுங்கினால் பெரும்பாலும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி கட்டியிருக்கும். பெடல் கல் மாதிரி இறுகியும் வண்டி நிற்காவிட்டால் பேட் சூடு. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும். ஈரம் குடித்தபின் அந்த அளவு 155தான். ஆயிலை முழுக்க மாற்றி, நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

பதில் 2: அந்த நொடியில் பெடலை மளமளவென்று மிதித்து மிதித்து விடுங்கள், கொஞ்சமாவது பிடிக்கும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வளைவில் திணிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து டிராக் ஓரத்துச் சரளைக்குள் விடுங்கள். குறுக்காகப் போனால் வண்டி உருளும்.

பதில் 3: கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடணும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.