ஸ்ப்ளெண்டருக்கு பைபாஸ் ஆயில் ஃபில்டர் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கில் பைபாஸ் ஆயில் ஃபில்டர் பொருத்த ஆசை. இந்த எஞ்சினில் காகித ஃபில்டரே கிடையாது. கம்பி வலை ஒன்று, அப்புறம் கிராங்க்ஷாஃப்ட் முனையில் சுற்றும் சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டர் (சுழலும் வேகத்தில் அழுக்கை உள்சுவரில் ஒதுக்கும் கிண்ணம்), அவ்வளவுதான். வலப்பக்க கவரைக் கழற்றி அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் உள்சுவரில் கறுப்புச் சேறு பசைபோல் அப்பியிருக்கும், விரல் நகத்தால் சுரண்டலாம். கிளட்ச், கியர் எல்லாம் அதே சுமார் ஒரு லிட்டர் ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் பிளேட் தேய்ந்து வரும் பொடியும் அதிலேயே சுற்றுகிறது.

பைபாஸில் ஆயிலின் சிறு பங்கு மட்டும் மெதுவாக நுண்ணிய ஃபில்டர் வழியாகப் போய் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் இடம்) திரும்பும். ஆனால் இவ்வளவு சின்ன பம்பில் அந்தப் பங்கை எடுத்தால் எஞ்சின் ஹெட்டில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் ஆயில் குறைந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். அதனால் லைனில் ஆயில் ஓட்டத்தைக் குறைக்க ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள ஜெட் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஐட்லிங்கில், ஆயில் சூடாகி இளகியிருக்கும்போது, அதுவும் அதிகமா?

பிரஷர் லைனை எங்கிருந்து எடுத்தீர்கள்? திரும்பும் ஓஸை ஆயில் ஊற்றும் மூடியில் துளையிட்டுக் கொடுத்தால் போதுமா? ஃபில்டரில் தங்கும் அளவுக்கு ஆயிலைக் கூட்டி ஊற்றினீர்களா? பல்சர், புல்லட், ஏன், டீசல் பம்புசெட்டில் செய்தவர்களும் சொல்லுங்கள். இணைப்பு தெரியும்படி ஒரு போட்டோ போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.