கிழக்கு மடையும் என் தாயார் சொன்ன செய்தியும்

அன்புள்ள நம் ஊர்ச் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கண்மாய்க் கரையைப் பலப்படுத்தவும் கிழக்கு மடையைச் சீரமைக்கவும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அனுப்புமாறு பொருளாளர் சித்தப்பா எழுதிய மடலுக்குப் பதிலாக, அதே மடை முன்னரே நம் பணத்தில் சீரமைக்கப்பட்டதாகச் சங்கக் கணக்கில் இருக்கிறதே என்றும், இப்போது அதன் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் ஓடுவதாக என் தாயார் தொலைபேசியில் சொன்னார் என்றும் நான் எழுதியிருந்தேன். அதன்பின் இந்தக் குழுவில் வந்த பதில்களை எல்லோரும் படித்திருப்பீர்கள். நீங்கள் அறியாதது, ஊரிலிருந்து இருவர் என் தாயாரின் வாசலுக்கே போய், "மகனுக்கு என்ன சொல்லி வைத்தாய்?" என்று அவரை நிற்க வைத்துக் கேட்டது. கணக்கைப் பற்றி நான் கேட்டதற்கு என்னிடம் பேசலாம். எழுபது வயதைக் கடந்து தனியாக இருக்கும் ஒருவரிடம் போய் விளக்கம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அவர்களை அனுப்பியது யார் என்பது எனக்குத் தெரியும். அவரும் இந்த மடலைப் படிக்கிறார்.

சிங்கப்பூர்ப் பெரியப்பா, "குழாயடியில் பெண்டுகள் பேசுவதையெல்லாம் சங்கத்துக்குள் கொண்டுவரலாமா?" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு இருக்கும் மதிப்பு குறையாமலே சொல்கிறேன்: என் தாயார் ஒரு செய்தியைச் சொல்லும் முறை, நமக்கு வரும் எந்த அறிக்கையைவிடவும் ஒழுங்கானது. தாமே பார்த்ததை எந்த நாள், எந்த நேரம், உடன் யார் இருந்தார் என்று சேர்த்துச் சொல்வார். கேட்டதைச் சொன்னால், யார் சொன்னார், அவருக்கும் அந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு, அவரை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார். யார் மீதும் பழி போட மாட்டார். முடிவைக் கேட்பவனிடமே விட்டுவிடுவார். சங்கத்தின் கடைசி வரவு செலவு அறிக்கையில் "மடை மற்றும் இதர செலவுகள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த அழைப்பில் அவர் சொன்னவற்றை வரிசை மாறாமல் தருகிறேன். முதலில் மேலத்தெருவில் ஒரு பேறுகாலம், பெண் குழந்தை. பிறகு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வராமல் இருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்முறையீட்டில் கிடைத்துவிட்டது, இன்னொருவர் இன்னும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார். பிறகு நூறு நாள் வேலைக் கூலி பாக்கி. பிறகு வாத்தியார் வீட்டுப் பெரியம்மா கொல்லைப் படியில் விழுந்தது. அதன்பின் இந்த ஆண்டு கண்மாய் மீன் ஏலம் எடுத்தவர் யார் என்பதும், அவர் கரையில் கொட்டகை போட்டுவிட்டார் என்பதும். உடனே அடுத்த செய்தியாக, ஆட்டை ஓட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனபோது, மடையில் ஷட்டரை இறக்கியிருந்தும் அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியதைத் தாமும் பக்கத்து வீட்டு மதினியும் பார்த்ததாகவும், அங்கே நாலைந்து மணல் மூட்டைகள் கிடந்ததாகவும், அவையும் நகர்த்தப்பட்டிருந்ததாகவும் சொன்னார். மீன் ஏலத்தையும் மடையையும் அவர் அடுத்தடுத்துச் சொன்னார். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் பிறந்த எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனாலும் இப்போது குழுவில் சேர்ந்திருக்கும் இளையவர்கள் பலர் வெள்ளாமை பார்க்காமலே வளர்ந்தவர்கள் என்பதால் எழுதுகிறேன். இராமநாதபுரம் சீமையில் ஆற்றுப் பாசனத்தை நம்பி நாற்று நடுகிறவர்கள் குறைவு. புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிரை வளர்த்து, மழை நின்ற பிறகு மார்கழியில் கதிர் வாங்கும் நேரத்துக்குக் கண்மாய்த் தண்ணீரைக் கொடுத்துத்தான் தையில் அறுக்கிறோம். ஆகவே கார்த்திகையில் வீணாக வெளியேறும் தண்ணீர், மார்கழியில் கடைமடைக்காரன் வயலில் கருகும் கதிர். மீன் ஏலம் எடுத்தவருக்கோ தண்ணீர் சீக்கிரம் வற்றினால்தான் வலை போட வசதி. இந்த இழுபறி நம்மூரில் மட்டும் இருப்பதும் இல்லை, இன்று தொடங்கியதும் இல்லை. அதனால்தான் மடையைத் திறக்கும் பொறுப்பை ஊர் ஒருவரிடமும், மீன் பாசி ஏலத்தை வேறொருவரிடமும் பிரித்து வைத்திருந்தார்கள். இப்போது இரண்டும் ஒரே வீட்டுக்குள் போய்விட்டனவா என்பதே என் கேள்வி. இதில் என் தாயாரின் நிலம் எதுவும் இல்லை. எங்கள் இரண்டு காணியும் மேற்கு மடைப் பாய்ச்சலில் இருப்பது சித்தப்பாவுக்கும் தெரியும்.

துபாய் அத்தான் கணக்கு கேட்டு எழுதிய மூன்று மடல்களையும் நான் முழுமையாக ஆதரிக்கிறேன், அவருடைய தொனியை அல்ல. ஷட்டர் வாங்கிய ரசீது, கொத்தனார் கூலி, சிமெண்ட் மூட்டைகளின் எண்ணிக்கை, வேலை நடந்தபோது எடுத்த படம் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதைக் கேட்பது எவரையும் திருடன் என்று சொல்வதாகாது. அதே நேரத்தில், தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லியிருப்பதை ஏற்க இயலாது. நம்மில் சிலர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார்கள்; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், ஒரு சங்கத்துக்கு அவர்கள் கொடுப்பது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறுவதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், அத்தகைய பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அதில் சேராது. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டு, நாளைக்கு யாராவது ஒரு மனு போட்டால், ஊரில் கையெழுத்துப் போட்டிருக்கும் நம் உறவுகள்தாம் அலைய வேண்டியிருக்கும்.

வேறொன்றும் உண்டு. நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. நம் கண்மாய் அந்த வகையைச் சேர்ந்தது. ஒன்றிய அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் மடையில் கை வைக்க நமக்கு என்ன அதிகாரம் இருந்தது என்பதற்கும் பழைய கோப்பில் விடை இருக்க வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கை முதலில் கட்டிவிட்டால் மீதியை அரசு போடும் என்ற வழி இருந்தும், முழுச் செலவையும் நம் தலையில் ஏன் வைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ஊர் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய்" என்று கோலாலம்பூர் மாமா எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஊரின் முகப்பு வளைவுக்குத் தனி ஒருவராகப் பணம் கொடுத்தவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் நம்மூரின் மானம், வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு தாய் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கட்டளை போடும் நிலைக்கு வந்துவிட்டது என்றால், அந்த வளைவுக்குள் நுழைய எனக்கு விருப்பமில்லை. நான் முதன்முதலாக மஸ்கட்டுக்கு வந்த காலத்தில் என் தாயாருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் பெரியப்பாதான் வான் அஞ்சல் தாளின் மடிப்புகள் வரை இடம் விடாமல் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சண்டை, கடன், என் தங்கைக்கு வந்த சம்பந்தம் கலைந்தது எல்லாம் அவர்கள் கைவழியாகத்தான் எனக்கு வந்தன. அதில் ஒரு சொல்கூட அவர்கள் திண்ணையைத் தாண்டியதில்லை. அந்தக் கடிதங்களில் ஒன்றில், நம்மூரிலிருந்து இன்னொரு பையன் வளைகுடாவுக்குக் கிளம்புவதற்காக என் தாயாரின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போன செய்தியும் இருக்கிறது. அது எப்போது திரும்பி வந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாசலில் நின்று கேள்வி கேட்ட இருவரில் ஒருவரின் வீட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

என் தாயார் பயந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். மறுநாள் அழைத்தபோது, வந்தவர்கள் யார், என்ன கேட்டார்கள், தாம் என்ன பதில் சொன்னார் என்பதை வழக்கமான ஒழுங்கிலேயே சொன்னார். "பார்த்ததைச் சொன்னேன், நீங்களும் போய்ப் பாருங்க" என்பதுதான் அவர் சொன்ன பதில். போய்ப் பார்த்தார்களா என்பது தெரியவில்லை. எனக்குக் கவலை தந்தது வேறு. அதற்கு அடுத்த அழைப்பில் அவர் ஊர்ச் செய்தி எதையும் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன, சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதோடு முடித்துக்கொண்டார். கடல் கடந்து இருப்பவனுக்கு ஊர் என்று மிஞ்சியிருப்பது அந்த அரைமணி நேரப் பேச்சுதான். சங்கமோ இந்தக் குழுவோ அதற்கு ஈடாகாது என்பது உங்களில் பலருக்கும் அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

எனவே, முந்தைய மடலில் எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. பழைய வேலையின் ரசீதுகளும், ஷட்டரின் இன்றைய நிலையைக் காட்டும் படமும் குழுவுக்கு வந்த அன்றே என் பங்கை அனுப்பிவிடுகிறேன். பதிவு பெற்ற சங்கக் கணக்குக்கு மட்டுமே அனுப்புவேன். அவை வராவிட்டால், வரும் ஜனவரி 26 கிராம சபையில் மீன் ஏலத் தொகையையும் மடை வேலையையும் பற்றிய கேள்வியை எழுத்து மூலம் கொடுக்க, ஊரில் இருக்கும் என் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். இனி இந்த விஷயத்தில் எவருக்கேனும் ஐயம் இருந்தால் என் எண்ணுக்கு அழையுங்கள், இரவு எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன். என் தாயாரின் வாசலுக்கு யாரும் போக வேண்டாம்.

வாத்தியார் வீட்டுப் பெரியம்மா விழுந்த செய்தியை முந்தைய மடலிலேயே எழுதியிருந்தேன். மடையைப் பற்றி வந்த இத்தனை பதில்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கைப்பேசி எடுத்துப் பேச இயலவில்லை. அவர்களின் பிள்ளைகள் இருவரும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் 2011 முதல் பேச்சு இல்லை என்பதால் இங்கேயே எழுதுகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் என் தாயார் அங்கேதான் இருக்கிறார். அவர் எண்ணுக்கு அழைத்தால் கைப்பேசியைப் பெரியம்மாவிடம் கொடுப்பார்.

இப்படிக்கு,
புளியமரத்து வீடு, தெற்குத் தெரு
(மஸ்கட்டிலிருந்து)