தப்பின் வேகத்துக்கு ட்ரம்ஸை இணைத்த அனுபவம்

தலவாக்கலையிலிருந்து:

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் மலையக மரபுக் கூத்து) நடந்தபோது, தப்பு என்ற தோற்பறையின் வாசிப்பை நான்கு நிமிடம் பதிவுசெய்து வந்து, அதனோடு மெய்நிகர் ட்ரம்ஸ் சேர்க்க முயன்றேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகத்தை) 96 என்று வைத்து, அதற்குள் இயங்கி ட்ரம்ஸ் ஒலி தரும் துணை மென்பொருளான ட்ரம் பிளகினை ஓடவிட்டதும், முதல் சுற்றிலேயே இரண்டும் பிரிந்துபோயின. பிளகின் தனக்குள் வைத்திருந்த 120 என்ற வேகத்தில் தனியே ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ்ட் மென்பொருளை, அதாவது பிளகினைத் தாங்கி நிற்கும் ரீப்பரை, பின்தொடரும் பொத்தானை அழுத்தியதும் அது சீரானது.

அதன் பிறகு வந்த சிக்கல்தான் என்னைப் பல இரவுகள் உட்காரவைத்தது. தொடக்கத்தில் 96-இல் இருந்த தப்பு, ஆட்டம் சூடேறச் சூடேற 108 வரை ஏறியிருந்தது. பதிவை வெட்டியும் நீட்டியும் சுருக்கியும் 96-இன் கட்டங்களுக்குள் அடக்கிப் பார்த்தேன். ஆடுபவரின் காலைத் தூக்கிவிடும் அந்த உந்தல் முற்றாக அடங்கிப்போனது. ஆகவே அதை அழித்துவிட்டு, மூலப் பதிவைத் தொடாமல், நான்கு சுற்றுக்கு ஒருமுறை முதல் அடி விழும் இடத்தில் டெம்போ குறி இட்டு, மென்பொருளின் வேகத்தையே தப்புக்கு ஏற்ப மாற்றினேன். டெம்போவும் பாட்டு நிற்கும் இடமும் ஹோஸ்டிலிருந்து பிளகினுக்கு இடைவிடாமல் சென்றுகொண்டிருப்பதால், குறிகள் சரியாக அமைந்ததும் ட்ரம்ஸ் தப்பின் பின்னாலேயே நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் குறி இட வேண்டாம். ட்ரம்ஸ் தடுமாறுவது போலக் கேட்கும். கூத்தில் வேகத்தை எப்போது ஏற்றுவது என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கிறார். கணினி அதற்கு இணங்கியே ஆக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஹட்டனிலிருந்து:

அண்ணன் சொன்ன முறை எனக்கும் கைகொடுத்தது. ஆனால் அதற்கு முன் நான் வேறோர் இடத்தில் சிக்கினேன். 48,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரி வீதம்) எடுத்த தப்புப் பதிவை 44,100 ஹெர்ட்ஸ் திட்டத்தில் சேர்த்தபோது, என் பழைய மென்பொருள் அதைத் தானாக மாற்றிக்கொள்ளவில்லை. நான்கு நிமிடப் பதிவு ஏறத்தாழ 21 வினாடி நீண்டது. சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் அளவு இறங்கியது. எங்கள் ஊர்ப் பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் தப்பை அடிக்கடி நெருப்பில் காய்ச்சுவார்கள். அன்று சரியாகக் காய்ச்சாததால்தான் ஒலி இறங்கியது என்று நம்பி, ஒரு வாரம் டெம்போவை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளையிலிருந்து:

கோயில் திருவிழா மேடையில் ட்ரம்ஸை இரண்டாவது மடிக்கணினியில் வைத்து, மிடி கடிகாரத்தால் (ஒரு கருவியின் வேகத்தை மற்றொன்றுக்கு அனுப்பும் துடிப்புச் சமிக்ஞை) இணைத்திருந்தோம். கால் சுரம் (பொதுவாக ஓர் அடி) ஒன்றுக்கு 24 துடிப்பு வீதம் செல்லும் அந்தக் கடிகாரம் வேகத்தைச் சொல்லுமே தவிர, பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குத் தனிச் செய்தி அனுப்பும் தெரிவு எங்கள் மென்பொருளில் அணைந்திருந்தது. பாட்டை நடுவிலிருந்து எடுத்தபோது பாடியவர் சரணத்தில் நிற்க, ட்ரம்ஸ் பல்லவியின் முதல் அடியைப் போட்டது. அவர் கையசைத்து நிறுத்தினார், முதலிலிருந்தே தொடங்கினோம்.