மறுமொழி: பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற அம்மா

உறவுகளே, வணக்கம்.

நம் அக்கா ஒருவர் போட்ட மலையேற்றப் படங்களுக்குக் கீழே ஓடிய பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன். "பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டவர்கள் அக்கறையில்தான் கேட்டிருப்பார்கள், சரி. இதே கேள்வியைப் பலரிடமிருந்து எதிர்கொண்ட ஒரு அம்மா ஜப்பானில் இருந்தார், ஜுன்கோ தாபேய் என்று பெயர். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் யார் என்ற பொது அறிவுக் கேள்விக்குப் பதிலாக மனப்பாடம் செய்திருப்போம், அதோடு மறந்தும் இருப்போம்.

1939-இல் ஃபுகுஷிமாவில் மிஹாரு என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் நோஞ்சான். பத்து வயதில் ஆசிரியரோடு நாசு மலைக்குப் போனதில் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை. கல்லூரி முடித்து மலையேற்றச் சங்கங்களில் சேர்ந்தால், அங்கே சில ஆண்கள் இவரோடு ஏறவே மாட்டேன் என்றார்கள், வேறு சிலர் மாப்பிள்ளை பிடிக்க வந்திருக்கிறாள் என்றார்கள். (மாப்பிள்ளையும் மலையில்தான் கிடைத்தார், அது வேறு விஷயம்.) அப்புறம் 1969-இல் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே நேபாளத்தில் இமயமலைச் சிகரமான அன்னபூர்ணா மூன்றின் உச்சிக்குப் போய் வந்தார்.

எவரெஸ்டுக்கு அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில்தான் மகள் பிறந்தாள். பணம் கேட்டு இவர்கள் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் "பெண்கள் வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்க வேண்டியதுதானே" என்ற பதில்தான். கடைசி நேரத்தில் ஒரு பத்திரிகையும் ஒரு தொலைக்காட்சியும் உதவ முன்வந்தன, ஆனாலும் ஆளுக்கு 15 லட்சம் யென் கையிலிருந்து போட வேண்டியிருந்தது, அது அப்போது ஏறத்தாழ ஒரு ஆண்டுச் சம்பளம். இவர் பியானோ சொல்லிக் கொடுத்துச் சேர்த்தார். பழைய கார் சீட் உறையை வெட்டி நீர் புகாத பைகளும் கையுறைகளும் தைத்தார்கள், இறகு வாங்கித் தூக்கப் பைகளையும் தாங்களே செய்துகொண்டார்கள். மூன்று வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, இதையும் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு எவரெஸ்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மகளைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. இமயமலைக்கு ஆண்கள் எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள், அவர்களில் யாரிடமும் "பிள்ளை யாரிடம்?" என்று நிருபர்கள் கேட்டதாக நான் படித்ததில்லை.

1975 மே 4, நள்ளிரவு தாண்டிய நேரம். எவரெஸ்டில் 6,300 மீட்டர் உயரத்தில் தோழிகளோடு ஒரே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்து மூடிவிட்டது. ஆறு நிமிடம் நினைவில்லாமல் கிடந்தவரை கூட வந்த மலை வழிகாட்டிகளான ஷெர்பாக்கள்தான் தோண்டி வெளியே இழுத்தார்கள். உடம்பெல்லாம் அடி, சரியாக நடக்கவே இரண்டு நாள் ஆயிற்று. யாரும் சாகவில்லை, அதனால் ஏறத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

குழுவில் 15 பெண்கள். இரண்டு பேரை உச்சிக்கு அனுப்புவதாக இருந்தது, ஆனால் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் ஒருவருக்குத்தான் போதும் என்றானதும் தலைவி இவரைக் கைகாட்டினார். மே 16 அன்று அங் செரிங் ஷெர்பாவோடு போனார். உச்சிக்குச் சற்றுக் கீழே கத்தி விளிம்பு மாதிரி ஒரு பனி முகடு, அதற்கு முன் ஏறியவர்கள் எழுதிய எதிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று இவருக்குக் கோபமான கோபம். மேலுடம்பு சீனப் பக்கம், கால்கள் நேபாளப் பக்கம் தொங்க, பக்கவாட்டில் ஊர்ந்தே கடந்தார். வயது 35. முதல் பெண் என்று உலகம் கொண்டாடியபோது, நான் எவரெஸ்ட் ஏறிய 36-ஆவது ஆள், அப்படியே நினைவு வைத்துக்கொள்ளுங்கள் என்பார். அது வெறும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை, தனக்காக நின்றுபோன அந்த இன்னொருத்தி அவர் மனசில் இருந்திருப்பாள்.

அதற்கப்புறம் 1978-இல் ஒரு மகன் பிறந்தான். 1992-க்குள் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் முடித்தார். அறுபது வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போய், மலையேறிகள் எவரெஸ்டில் போட்டுவிட்டு வரும் குப்பையைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். உச்சியில் கொடி நட்டவர்களில் எத்தனை பேர் குப்பையை எண்ணப் போனார்கள்?

2011-இல் நிலநடுக்கமும் சுனாமியும் அணு உலை விபத்துமாக இவருடைய சொந்த மண் சிதைந்தது. அடுத்த ஆண்டு இவருக்கே புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் இவர் செய்தது, பாதிக்கப்பட்ட பகுதிகளின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடைதோறும் ஃபூஜி மலைக்கு அழைத்துப் போனது. 3,776 மீட்டர், பலருக்கு அதுதான் முதல் மலை. வேகமாகப் போக வேண்டாம், ஒவ்வொரு அடியாக வை என்பதுதான் அவர்களுக்குச் சொன்ன பாடம். 2016 ஜூலையில் நோய் முற்றிய உடம்போடு அவர்களுடன் மறுபடியும் ஏறினார், உச்சி வரை முடியவில்லை, பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு நின்றுகொண்டார். அக்டோபர் 20 அன்று 77 வயதில் காலமானார். புளூட்டோவில் ஒரு மலைத்தொடருக்கு இப்போது அவர் பெயர்.

ஃபூஜி பயணம் நிற்கவில்லை. அம்மாவுக்குப் பிறகு அதை நடத்துவது மகன்.