சங்கப் பணியில் சந்தித்த மனிதர்கள்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

செயலாளர்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்குவதால், புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்பதற்கு முன்பே அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான திட்டத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். அதற்கு ஒரு வினாப்பட்டியல் தயாரித்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது நான் உடன்படவில்லை. சங்கம் வளர என்ன செய்யலாம் என்று கேட்டால், உறுப்பினர் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்றுதான் அனைவரும் எழுதுவோம். ஆகஸ்ட் மாதம் ரோட்டரியில் உறுப்பினர் சேர்ப்புக்கான மாதம் என்பது நமக்குத் தெரியும். அந்த மாதத்தில் அவசர அவசரமாகச் சேர்க்கப்படுபவர்களில் பலரைப் பொங்கலுக்குப் பிறகு கூட்டத்தில் காண முடிவதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே வேறுவிதமாகக் கேட்கிறேன். சங்கப் பணியின்போது நீங்கள் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுங்கள். அவரால் நீங்கள் சங்கத்திற்குள் வந்திருக்கலாம்; அவர் சொன்ன ஒரு சொல் உங்களை யோசிக்க வைத்திருக்கலாம். பெயர்கள் வேண்டாம். இங்கு எழுதப்படுவதை வைத்துத்தான் திட்டத்தின் முதல் வரைவைத் தயாரிக்கப் போகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காஞ்சிக்கோவில் பகுதி

எங்கள் பள்ளியில் கண் சிகிச்சை முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, வகுப்பறைகளைத் திறந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். அப்போது நான் உறுப்பினர் அல்லன். முகாம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே: பந்தல், விளம்பரம், சாப்பாடு, ஆட்களைத் திரட்டுவது ஆகியவை சங்கத்தின் பொறுப்பு, பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் விழிலென்சும் மருத்துவமனையின் பொறுப்பு. கண்புரை முற்றியிருப்பவர்களை அன்று பிற்பகலே பேருந்தில் ஏற்றிக் கோவைக்கு அழைத்துச் செல்வார்கள்.

பேருந்து புறப்படும் நேரத்தில் ஓர் அம்மையார் படியில் ஏற மறுத்துவிட்டார். இரண்டு கண்களிலும் புரை. எதிரில் நிற்பவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். மருத்துவமனைப் பணியாளர்கள் பயப்பட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவருக்குப் பயம் இல்லை. "நான் போயிட்டா எருமையை ஆரு கறக்கறதுங்க? என்ற கைக்குத் தவுர ஆருக்கும் அது பாலு வுடாதுங்க" என்றார். சொசைட்டிக்குப் பால் ஊற்றாவிட்டால் அந்த வாரப் பணம் இல்லை என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

சங்கத்தின் சார்பில் சோற்றுப் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணின் அருமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பக்கத்து ஊட்டுல ஆருங்காத்தா இருக்கறாங்க?" என்று கேட்டார். தங்கை மகள் இருப்பதாக அம்மையார் சொன்னார். "நீங்க கட்டுன பழைய சேலை ஒண்ணு அவங்ககிட்டக் குடுக்கச் சொல்றேன். அதைச் சுத்திக்கிட்டுக் கறந்தா எருமை நிக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, தம்முடைய டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்திற்கே போய், தங்கை மகளிடம் விவரத்தைச் சொல்லி, அந்தப் பெண்ணைக் கைப்பேசியில் அம்மையாரோடு பேசவும் வைத்தார். அதுவரை பேருந்து நின்றது. ஓட்டுநர் முணுமுணுத்தார், நின்றது.

அவர்தான் பின்னர் என்னைச் சங்கத்திற்கு முன்மொழிந்தார். இன்று அவர் உறுப்பினர் அல்லர். கடை வியாபாரம் சுருங்கிய காலத்தில், ஒவ்வொரு கூட்டத்திற்குப் பிறகும் நடக்கும் ஓட்டல் விருந்துக்கான பங்குத் தொகையைக் கொடுக்க முடியாமல் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொண்டார். அவரிடம் பணம் கேட்டோம், வேலை கேட்கவில்லை. சங்கத்தில் எருமையின் இயல்பு தெரிந்தவர்களும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நன்கொடை தரக்கூடியவர்களை எப்போதும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. 1925-இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்று அரிமா (லயன்ஸ்) சங்கத்தினர் பார்வைப் பணியைத் தங்கள் தலையாய பணியாகக் கொண்டார்கள். இங்கோ எல்லாச் சங்கங்களும் கண் முகாம் நடத்துகின்றன. பேருந்துச் சாலையில் இருக்கும் ஊருக்கு மாற்றி மாற்றி முகாம் வருகிறது. உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து வீடுகளுக்குச் செய்தியே போவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் நாமும் அரிமா சங்கத்தாரும் உட்கார்ந்து ஊர்களைப் பிரித்துக்கொண்டால் என்ன?

ஜவுளி வணிகர் (பெண் உறுப்பினர்)

1905-இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, 1989-இல்தான் உலகம் முழுவதும் பெண்களுக்கு உறுப்புரிமையைத் திறந்துவிட்டது. சட்டம் மாறிய பிறகும் வரவேற்பு மேசை மாறுவதற்கு நாளாகும் என்பதை ஒரு வெளியூர் நிகழ்ச்சியில் தெரிந்துகொண்டேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெரியவர், மிகுந்த மரியாதையோடு, "சாருங்க வரலீங்களா?" என்று கேட்டார். "அவரு கடையைப் பாத்துக்கறாருங்க. உறுப்பினர் நாந்தானுங்க" என்றேன். அவர் குடும்பத்தினருக்கான அட்டைக் கட்டில் என் பெயரை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் முதல்முறையாக வந்து நின்ற இளம் மருத்துவர் ஒருவர், அதே கேள்வி தம்மிடமும் கேட்கப்பட்டபோது முகம் மாறியதைப் பார்த்தேன். அவரை நம் சங்கத்தில் சேர்த்துவிட நான் எவ்வளவோ முயன்றும் அவர் வரவில்லை.

திட்டத்தில் வேறு எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கூட்ட நாளை மாற்றுங்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிறது. நமது கூட்டமும் திங்கட்கிழமை இரவு. துணி வியாபாரம் செய்யும் ஒருவரும் நம் சங்கத்தில் நிலைக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வாரந்தோறும் கூட்டம் கட்டாயம் என்பதும் பழைய கதை. ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் 2016-இல் எடுத்த முடிவுக்குப் பிறகு, மாதம் இரண்டு முறை கூடினால் போதும்.

பணியாளர் நலப் பொறுப்பாளர், சிப்காட் தொழிற்சாலை

எங்கள் தொழிற்சாலையில் நடக்கும் இரத்ததான முகாம்களில் பெரும்பாலும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களே வரிசையில் நிற்கிறார்கள். பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருக்க வேண்டும், ஆண்கள் மூன்று மாத இடைவெளியில் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்பவர் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தையல் தொழிலாளி. இங்கேயே இருந்து பழகிய தமிழில் சரளமாகப் பேசுவார். போலியோ சொட்டு மருந்து நாளிலும் அவர்தான் எங்களைத் தகரக் கூரை வரிசை வீடுகளுக்கு அழைத்துச் செல்வார். கதவைத் தட்டி நாங்கள் கூப்பிட்டால் திறக்காத தாய்மார்கள், அவருடைய குரலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாகப் பாதிப்பு கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில். ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களின் குழந்தைகள் விடுபட்டுவிடக் கூடாது என்பதால்தான் இன்றைக்கும் இந்தத் தேடல்.

ஒருநாள் முகாம் முடிந்து மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் ரத்தம் கேக்கறீங்க சார், குடுக்கறோம். டீ, பிஸ்கட் தர்றீங்க. சங்கத்துக்கு வா-ன்னு யாருமே சொல்லலையே?" கேலியாகக் கேட்கவில்லை. அந்தச் சங்கத்தில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. நல்ல நடத்தையும் தம் தொழிலிலோ ஊரிலோ நற்பெயரும் உடையவராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, படிப்பையோ வருமானத்தையோ விதிகள் கேட்பதில்லை. கட்டணம் தடையாக இருந்தால் ரோட்டரியின் இளையோர் அமைப்பான ரோட்டராக்ட் இருக்கிறது. அதற்கு இருந்த முப்பது வயது வரம்பு 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது. அவரை அழைப்பதற்குத் தடையாக இருப்பது நம் பழக்கம் ஒன்றுதான். ஒரு வேண்டுகோள்: அவரை அழைத்தால் விருந்தினராக மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

கணக்கர், விஜயமங்கலம்

உருக்கமான கதை என்னிடம் இல்லை. ஒரு நூற்பாலை உரிமையாளரிடம் பள்ளிக் கழிப்பறைத் திட்டத்திற்காக நன்கொடை கேட்டுப் போயிருந்தோம். அவர் எங்கள் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். மாணவிகளுக்குத் தண்ணீர் வசதி எப்படி, யார் சுத்தம் செய்வார்கள், அதற்கு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று நாங்கள் யோசித்திராத கேள்விகளையும் கேட்டார். இறுதியில், "நல்ல காரியந்தானுங்க. ஆனா என்ற ஆடிட்டரு பேப்பரு கேக்கறாருங்களே" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வருமான வரித்துறையில் அறப்பணி அமைப்பு என்ற பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் வேண்டும். அவற்றையும் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் சங்கத்தின் பெயரில் இவை எதுவும் இல்லை. தனி அறக்கட்டளை ஒன்றை உருவாக்குவதே வழி என்று கருதுகிறேன்.

அதுவரையிலாவது சந்தாப் பணமும் மக்களிடம் திரட்டும் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடப்பதை நிறுத்த வேண்டும். கூட்டச் சாப்பாடு ஒரு கணக்கிலிருந்தும் முகாம் செலவு இன்னொரு கணக்கிலிருந்தும் போனால், புதிதாக வருபவர் தம் பணம் எங்கே போகிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பணத்தைப் பற்றிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டு விலகியவர்கள் நம் ஊரில் உண்டு.

விவசாயி

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிறகு, எங்கள் குளத்திற்கும் குழாயில் தண்ணீர் வந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வீணாகப் போகும் உபரிநீரை இறைத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்காக 1,916 கோடி ரூபாய் செலவில் அமைந்த திட்டம் இது. எங்கள் அப்பாரு காலத்திலிருந்து மனுக் கொடுத்த தண்ணீர்.

நம் சங்கத்தின் பழைய திட்ட ஏட்டில் "குளம் தூர்வாருதல்" என்று ஆண்டுதோறும் எழுதியிருக்கிறோம். சில ஆண்டுகளில் செய்தும் இருக்கிறோம். சென்ற கோடையில் குளத்தங்கரையில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். "தண்ணி உட்டுப்போட்டாங்க. படம் புடிச்சுட்டும் போயிட்டாங்க. இனி இந்தக் கரையில மொளைக்கற வேலாமரத்த ஆருங்க புடுங்கறது?" அவர் கையில் ஓர் அரிவாள் இருந்தது; பேசிக்கொண்டே முழங்கால் உயரத்தில் இருந்த சீமைக் கருவேலங்கன்று ஒன்றை வேரோடு பறித்துத் தூர எறிந்தார். கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம், ஓர் ஆண்டு விட்டால் பொக்லைன் வேண்டும் என்றார்.

எனவே நம் அடுத்த திட்டம் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு மாதம் ஒரு காலைப்பொழுது, ஒரு குளம். நீர்வரத்து வாய்க்காலில் கிடக்கும் குப்பையை எடுப்பதும் கன்றுகளைப் பிடுங்குவதும்தான் வேலை. ஊராட்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யலாம். உறுப்பினராகச் சேர விரும்புபவரை முதலில் ஓட்டலுக்கு அழைக்காமல் இந்தக் குளத்திற்கு அழைக்கலாம். இரண்டு முறை வந்தவர் மூன்றாவது முறை தாமாகவே மண்வெட்டியோடு வருவார். வராதவரை ஓட்டலுக்கு அழைத்தும் பயனில்லை.

முன்னாள் பொருளாளர்

அனைவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். பதவியேற்பு விழாச் செலவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறேன். மண்டபம், பிளக்ஸ், நினைவுப் பரிசு, ஒரே ஆளுக்கு மூன்று சால்வை. அந்தச் சால்வைகள் பின்னர் எங்கள் வீட்டில் அரிசி மூட்டையை மூடப் பயன்படுகின்றன.

செயலாளர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் அப்படியே குழுவின் முன் வைத்தேன். கணக்கர் சொன்ன இரண்டு வங்கிக் கணக்குகளுக்கு எதிர்ப்பே இல்லை. கூட்டம் இனி மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில், ஓட்டலில் அல்லாமல் பள்ளி வளாகத்தில் நடக்கும். சாப்பாடு விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், தனிக் கட்டணத்தில். புதிதாக வருபவர் சந்தா செலுத்துவதற்கு முன்பாகவே ஏதேனும் ஒரு பணியில் நம்மோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதும், அவரை முன்மொழிபவர் அந்தப் பணியில் உடன் இருக்க வேண்டும் என்பதும் வரைவில் சேர்ந்துவிட்டன.

எண்ணிக்கை இலக்கு பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ரோட்டரி மாவட்டத்திற்கு அனுப்பும் அறிக்கையில் இலக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தலைவர் கூறுகிறார். எழுதுவோம்; ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்ற பத்தியையும் நாமாகச் சேர்த்துக்கொள்வோம் என்று நான் சொல்லியிருக்கிறேன். பதவியேற்பு விழாச் செலவை அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைத்திருக்கிறோம். முன்னாள் பொருளாளர் அவசியம் வர வேண்டும்.

தலைமையாசிரியர் ஐயா குறிப்பிட்ட மளிகைக்கடைக்காரரிடம் ஐயாவும் நானும் போய்ப் பேசினோம். மீண்டும் சேருவதைப் பற்றி அவர் இப்போது எதுவும் சொல்லவில்லை. அடுத்த கண் முகாமில் பந்தியைப் பார்த்துக்கொள்வதாகவும், அரிசியை எங்கே வாங்கினால் விலை குறைவு என்று தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். தையல் தொழிலாளியைப் பணியாளர் நலப் பொறுப்பாளர் வரும் வியாழக்கிழமைக் கூட்டத்திற்கு அழைத்து வருகிறார்; அன்று அந்தத் தொழிலாளிக்கு இரவு ஷிப்ட் இருப்பதால் கூட்டத்தை ஆறு மணிக்கே தொடங்குகிறோம். சாப்பாடு வேண்டுபவர்கள் புதன்கிழமை மாலைக்குள் எனக்குத் தெரிவித்துவிடுங்கள்.