புதுப்பிப்பு: டைமர் கியூ கிராஷுக்குக் காரணம் கிடைத்தது

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையின் சென்சார் கேட்வே (சென்சார் தரவைத் திரட்டி அனுப்பும் கணினி) திடீர் திடீரென்று கிராஷ் ஆவதாக முன்பு எழுதியிருந்தேன். அதன் நிரலில் டைமர் த்ரெட் (டைமர்களைக் கவனிக்கும் தனி இயக்க ஓட்டம்), நேரம் வந்த டைமரைக் கியூவிலிருந்து (காத்திருப்பு வரிசை) எடுத்து, லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் கியூவைத் தொட விடும் பூட்டு) விட்டபின் கால்பேக்கை (டைமர் நேரம் வந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷன்) அழைக்கிறது. அந்த நூலிழை இடைவெளியில் இன்னொரு த்ரெட் கனெக்‌ஷனை மூடினால், "கியூவில் இல்லை" என்று அதன் டைமரை நிறுத்தும் கேன்சல் ஃபங்ஷன் திரும்பிவிடும், மெமரியும் விடுவிக்கப்பட்டுவிடும். பிறகு கால்பேக் செத்த பாயிண்டரை (விடுவித்த மெமரியின் முகவரியை) தொடும்.

லாக்கோடு கால்பேக்கை ஓட்டுவது தீர்வே அல்ல. கால்பேக்குக்குள்ளேயே கேன்சல் அழைத்தால் டெட்லாக் (தான் பிடித்த லாக்குக்கே காத்து முடங்குவது). டைமருக்கு 3 நிலை வைத்தேன்: காத்திருப்பு, ஓட்டம், முடிவு. கியூவிலிருந்து எடுக்கும் அதே லாக்குக்குள் ‘ஓட்டம்’ ஆக்கிவிட வேண்டும், இதுதான் உயிர்நாடி. ஓட்டத்தில் இருந்தால் கேன்சல், அது முடியும்வரை கண்டிஷன் வேரியபிளில் (சிக்னல் வரும்வரை த்ரெட்டைத் தூங்க வைக்கும் வசதி) காத்திருக்கும். டைமர் த்ரெட்டிலிருந்தே வந்த கேன்சல் மட்டும் காத்திருக்காது, மெமரியைக் கால்பேக் முடிந்தபின் விடுவிக்கும்.

சோதிக்க: கால்பேக்குக்கு முன் 5 மில்லிசெகண்ட் ஸ்லீப் போட்டு, அட்ரஸ் சானிடைசரோடு (தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கருவி) ஓட்டுங்கள். பழைய கோடு சட்டென்று சிக்கும்.