புதுப்பிப்பு: நான் போனாலே தோற்கும் ஒயிட் சாக்ஸ்

நான் மைதானத்துக்குப் போகும் நாளெல்லாம் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி தோற்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். 'நீங்கள் போகாமல் இருந்தால் ஜெயித்துவிடும்' என்று பலர் கிண்டலடித்தீர்கள். சரி, 2024 சீசன் முடிந்துவிட்டது: 41 வெற்றி, 121 தோல்வி. ஒரே சீசனில் அதிகத் தோல்வி என்று நவீன காலத்தில் இருந்த சாதனையை, 1962-இல் நியூயார்க் மெட்ஸ் அணி கண்ட 120 தோல்விகளையும் தாண்டியாயிற்று. சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்களில் 58 தோல்வி. யார் போயிருந்தாலும் பத்துக்கு ஏழு முறை தொங்கிய முகத்தோடுதான் திரும்பியிருப்பார்கள். என் ராசியைக் குறை சொல்லாதீர்கள்.

வேடிக்கை கடைசி உள்ளூர்த் தொடரில்தான். ஏஞ்சல்ஸ் அணி விளையாட வந்தபோது ஒயிட் சாக்ஸ் கணக்கில் 120 தோல்வி. இன்னொன்று தோற்றால் சரித்திரம்! அதைப் பார்க்கவென்றே பலர் வந்திருந்தார்கள், நானும்தான். முதல் நாள், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் 8-ஆவது இன்னிங்ஸில் 0-2 என்று பின்தங்கியிருந்த நம்மவர்கள் திடீரென்று மூன்று ரன் எடுத்து ஜெயித்துவிட்டார்கள். உரிமையாளரை நோக்கி 'அணியை விற்றுவிடு' என்று ரசிகர்கள் போட்ட கோஷம் மட்டும் நிற்கவில்லை. மறுநாளும் வெற்றி. அதற்கு மறுநாள் 7-0! சீசன் முழுக்க எங்கே வைத்திருந்தார்களோ இந்த ஆட்டத்தை.

121-ஆவது தோல்வி அடுத்த நாளே டெட்ராய்ட்டில் வந்தது, நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது.

அடுத்த சீசனுக்குப் போவேனா என்று கேட்காதீர்கள். டிக்கெட் விலை குறைந்தால் போவேன்.